புதிய மனைப்பிரிவுகளின் தெருக்களை ஒன்றோடொன்று இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நகர விரிவாக்கப் பகுதிக் குடியிருப்போர்

பெறுநர்:
நகரமைப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: மனைப்பிரிவு அனுமதியில் தெரு இணைப்பைக் கட்டாயமாக்கக் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பள்ளிக்கூடத்தின் வாசல் தெரியும். நடுவில் ஒரு மதில் மட்டுமே. ஆனால் பிள்ளைகள் முதன்மைச் சாலைக்குப் போய், ஒன்றரை கிலோமீட்டர் சுற்றித்தான் அங்கே போய்ச் சேர முடியும். எங்கள் மனைப்பிரிவும் சரி, மதிலுக்கு அப்பால் இருப்பதும் சரி, முறையாக அனுமதி பெற்றவைதான். இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நகரின் பழைய பகுதியில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் போய்விடலாம். வெளிப்புறம் அப்படி வளரவில்லை. ஒவ்வொரு நிலமும் தனித்தனியாகக் கைமாறி, தனித்தனியாக மனை பிரிக்கப்படுகிறது. போக வர ஒரே வழி, உள்ளே முட்டுச்சந்துகள். பால் வாங்கப் போகிறவர் முதல் ஆம்புலன்ஸ் வரை எல்லோரும் ஒரே சாலையில் வந்து சேர்கிறோம். அப்புறம் அந்தச் சாலையை அகலப்படுத்தச் சொல்லியும் நாங்களே மனு கொடுக்கிறோம்!

அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வந்தது. 1990-களில்தான் அந்தப் போக்கு மாறியது. புதிய தெருக்களை மாநிலப் பராமரிப்பில் ஏற்க வேண்டுமானால் அவை பக்கத்து நிலங்களோடு இணைய வேண்டும் என்று வர்ஜீனியா மாநிலம் 2009-இல் விதி கொண்டுவந்தது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம், தெருவின் போக்கை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஸ்பெயினின் பார்சிலோனா நகர விரிவாக்கத்துக்காக 1859-இல் பொறியாளர் செர்தா வரைந்த தெருக்கட்டத்தில்தான் இன்றும் அந்நகரம் நடமாடுகிறது.

முட்டுச்சந்தில் வண்டிச் சத்தம் இருக்காது என்பதற்காகவே மனை வாங்கியவர்கள் எங்களிலும் உண்டு. அவர்கள் பயம் நியாயமானதே. எல்லா இணைப்பும் கார் போகும் வழியாக இருக்க வேண்டியதில்லை. பல இடங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு சந்து போதும்.

எனவே, இனி வரும் மனைப்பிரிவு வரைபடங்களைச் சுற்றியுள்ள தெருக்களோடு சேர்த்துப் பார்த்து அனுமதி தரவும், சாலைகள் எல்லை வரை வந்து மதிலின்றித் திறந்திருப்பதை உறுதிசெய்யவும் வேண்டுகிறோம். பள்ளியை ஒட்டிய மதிலில் ஒரு நடைவழியும் தேவை. எங்கள் மேற்கு எல்லையில் உள்ள காலி நிலத்தில் இப்போது எல்லைக்கல் நடுகிறார்கள். அங்கே வீடுகள் எழுந்துவிட்டால் பிறகு வழி கேட்க இடமிருக்காது. அதன் வரைபடத்தையாவது அனுமதிக்கு முன் ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விரிவாக்கப் பகுதிக் குடியிருப்போர்