செயலாளர் ஆண்டறிக்கை: மாணவர் தாவரச் சூழலியல் ஆய்வுப் பரிசு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கொடைக்கானலிலிருந்தும் கீழ்மலைக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே,

நாற்றங்கால் பணியும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையை, கல்லூரி மாணவர்களின் சிறந்த தாவரச் சூழலியல் ஆய்வுக்கு நம் சங்கம் வழங்கும் பரிசைப் பற்றியே அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

பழனிமலையின் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 1973க்கும் 2014க்கும் இடையே மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு காட்டியுள்ளது. தோல் பதனிடும் பட்டைக்காக நடப்பட்ட வாட்டில் என்னும் சீகை மரமும், யூகலிப்டசும், பைனும் அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் பரிசுக்கு வந்த கட்டுரைகளில் பாதிக்குமேல் குறிஞ்சியைப் பற்றியவையே. 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்கும் என்பதால், இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்குள் அதன் பூப்பை ஆராய வழியில்லை என்பதை வழிகாட்டும் ஆசிரியர்களாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

பரிசு பெற்ற மாணவி எடுத்துக்கொண்டது எளிய கேள்வி: முதிர்ந்த சீகைத் தோப்புக்குள் சோலை என்னும் பசுமைமாறா மலைக்காட்டு மரங்களின் கன்றுகள் எங்கே முளைக்கின்றன? சோலையின் ஓரத்திலும் அதிலிருந்து விலகிய இடங்களிலும் சதுரக் கட்டங்கள் அடித்து, நாவல் இனக் கன்றுகளையும் பிறவற்றையும் தனித்தனியே எண்ணினார். பழந்தின்னிப் பறவைகள் விதை கொண்டுவரும் சோலை ஓரத்தில் கன்றுகள் மிகுதி. விலகிப் போகப் போகக் குறைவு. நடுவர் குழுவிலிருந்த பளியர் பழங்குடிப் பெரியவர், "பனிக்கு முன்னால எண்ணுனியா, பின்னாலயா?" என்று கேட்டபோது, இரண்டு முறையும் எண்ணிய குறிப்பேட்டை மாணவி எடுத்துக் காட்டினார். திறந்த புல்லில் முளைத்த கன்றுகள் உறைபனியில் கருகியிருந்தன. மர நிழலில் இருந்தவை பிழைத்திருந்தன. பரிசை முடிவு செய்தது அந்தக் குறிப்பேடுதான் என்பது என் எண்ணம்.

சீகை நல்லது என்று அவர் வாதிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அதே நிழலில் புல்வெளித் தாவரங்கள் ஏறக்குறைய இல்லை என்றும், மரம் வெட்டிய இடத்தில், மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் விதைகளிலிருந்து சீகையே மீண்டும் அடர்ந்து எழுகிறது என்றும், ஆகவே சோலையாக விடவேண்டிய இடத்தையும் புல்வெளியாக மீட்கவேண்டிய இடத்தையும் ஒரே முறையில் நடத்தக்கூடாது என்றும் எழுதியிருந்தார். இரண்டாம் நிலையில் நின்ற கட்டுரையில் அழகிய படங்களும் நீண்ட தாவரப் பட்டியலும் இருந்தன. எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் எண்ணியது என்ற விவரம் மட்டும் இல்லை. ஆனாலும் நடுவர்களில் ஒருவர் அக்கட்டுரைக்கே பரிசு தரவேண்டும் என்று கடைசிவரை வாதாடினார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று விதிகளைச் சேர்த்துள்ளது. கட்டுரையோடு களக்குறிப்பேட்டையும் அனுப்ப வேண்டும். ஐயமுள்ள செடிகளைத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் போன்ற, உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் ஆய்வு செய்வோர் வனத்துறை அனுமதியின் நகலை இணைக்க வேண்டும். இவற்றோடு, புல்வெளி ஆய்வுக்கெனத் தனியாக ஒரு சிறு பரிசு ஏற்படுத்தும் தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்