ஹேலிங் தீவுக்கு வா

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. கோடையில் குடும்பத்தோடு இங்கே வரும்போது லண்டனை விட்டால் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். நான் ஹேலிங் தீவைச் சொல்வேன். நாங்கள் இப்போதுதான் போய் வந்தோம்.

தீவு என்றதும் கப்பல் பயணத்தைக் கற்பனை செய்துகொள்ளாதே. இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் கரையை ஒட்டி, இரண்டு இயற்கைத் துறைமுகங்களுக்கு நடுவே கிடக்கும் தட்டையான நிலம் அது. ஹாவன்ட் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் பாலம் ஏறினால் தீவு. உள்ளே போக ஒரே சாலைதான். வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் காரில் கிளம்பினால், குழந்தைகள் 'வந்தாச்சா' என்று கேட்டே உன்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். போர்ட்ஸ்மத் பக்கத்திலிருந்து வந்தால் மேற்கு முனைக்கு ஒரு சின்னப் படகும் உண்டு.

கடற்கரை பெரும்பாலும் கூழாங்கல். சரோஜா பார்த்ததும் முகம் சுளித்தாள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கல் மட்டும்தான் தெரியும். வற்றும்போதுதான் கீழே அகலமாக மணல் வெளிப்படும், பிள்ளைகள் வாளியும் கையுமாக இறங்கிவிடுவார்கள். அதனால் ஓட்டல் பார்ப்பதற்கு முன்னால் அன்றைக்குக் கடல் எப்போது வற்றுகிறது என்று பார்த்துவிடு. ராட்டினம் இருக்கிறது, கரையோரமாகவே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. உன் சின்னவள் அதைவிட்டு இறங்க மாட்டாள். தீவின் இரண்டு முனைகளிலும் துறைமுக வாய்கள் இருக்கின்றன, அங்கே நீரோட்டம் பொல்லாதது. அந்தப் பக்கம் மட்டும் யாரையும் நீந்த விடாதே. ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும்.

அப்புறம் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் வேகத்தில் கடலில் ஓட்டும் விளையாட்டு. தெற்கு பார்த்த கரை, அடிப்பதோ பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கரையை நோக்கிச் சாய்வாக வருவதால், கற்றுக்கொள்பவன் தடுமாறினாலும் காற்று அவனைக் கரைப்பக்கமே ஒதுக்கும். வடக்கிலிருந்து அடித்தால் கதை வேறு, நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட நாளில் புதியவர்கள் இறங்கக் கூடாது.

நான் பயிற்சியில் சேர்ந்தேன், மகளும் சேர்ந்தாள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்த வேண்டும். கைபலத்தால் இழுத்தால் முதுகு போய்விடும், உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்தால் தானே எழும். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. நான் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருந்தேன். சுக்கான் கிடையாது. பாய்மரத்தைப் பலகையின் முன்பக்கம் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். பாய்மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் வளைந்துகொடுக்கும் மூட்டு ஒன்று இருப்பதால்தான் இது நடக்கிறது. மொத்த விளையாட்டும் அந்த மூட்டில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் உன் தொழிலான காப்புரிமைச் சட்டம் வருகிறது. அந்த மூட்டோடு கூடிய பலகைக்கு ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பிரிட்டனிலும் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அதை வைத்து அவர்களுடைய நிறுவனம் இங்கே ஒரு பலகை வியாபாரி மீது வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த சாட்சி பீட்டர் சில்வர்ஸ். 1958இல், பன்னிரண்டு வயதில், இந்தத் தீவை ஒட்டிய நீரில், தானே செய்த பலகையில் பாயைப் பொருத்தி, எல்லோரும் பார்க்கும்படி ஓட்டித் திரிந்தவர். இப்படி முன்பே ஒன்று இருந்ததையும் பார்த்து, 1980களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிட்டிஷ் காப்புரிமையைச் செல்லாது என்றது. கண்டுபிடிப்பு 'வெளிப்படையானதா', அதாவது துறை தெரிந்த எவருக்கும் சுலபமாகத் தோன்றியிருக்கக் கூடியதா என்று பார்க்க நீங்கள் சொல்லும் நான்கு படிச் சோதனை அந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதானே? கல்லூரி நாட்களில் நீ அதை மனப்பாடம் செய்தபோது, கடற்கரையில் விளையாடிய ஒரு பையன் அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விண்ட்சர்ஃபிங் பிறந்த இடமே இதுதான் என்று தீவுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அமெரிக்காவில் நியூமன் டார்பியும் 1960களில் இதே மாதிரி ஒன்றைச் செய்து, 1965இல் பத்திரிகையில் எழுதியும் விட்டார். ஒருவரை ஒருவர் அறியாமல் மூன்று இடங்களில் முளைத்திருக்கிறது. ஊர்ப்பெருமைக்கு அது போதாதுபோல. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே போட்டியாகச் சேர்த்துவிட்டார்கள் என்றால், எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் பார்!

காற்று இல்லாத நாளில் சைக்கிள் எடுங்கள். 1963இல் மூடிய ரயில் பாதை இப்போது நடைபாதையாக இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கச் சேற்று நிலமும் பறவைகளும். உன் மனைவிக்குப் பிடிக்கும்.

வருண் நன்றாக நீந்துவான்தானே? அவனுக்கும் பன்னிரண்டு ஆகிவிட்டதல்லவா? பயிற்சிக்கு இப்போதே இடம் சொல்லிவைக்க வேண்டும், கோடை விடுமுறையில் கிடைப்பது கஷ்டம். விசா வந்ததும் தேதியை எழுது, கடல் வற்றும் நேரம் பார்த்து நாளை முடிவு செய்யலாம். நான் மறுபடி பலகையில் ஏறுவேனா என்று கேட்காதே, முட்டி இன்னும் வலிக்கிறது.

அன்புடன்,
சேகர்