எலும்பு ராடில் பூசும் மருந்தை எங்கள் வார்டுக் கிருமியோடு மோதவிடுங்கள்

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முறிந்த எலும்பில் வைக்கும் ராடுக்கு மருந்துப் பூச்சு கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு நீங்கள் நிதி கொடுப்பது பற்றி எழுதுகிறேன். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். ராடு வைத்து மூடிய பிறகு தையலோரம் சிவந்து டிரெஸ்ஸிங் நனைய ஆரம்பித்தால், அந்த வீட்டு வருமானம் பல மாதத்துக்குப் போச்சு.

கிருமி ராடின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்கிறது. ஊசி மருந்து அதற்குள் சரியாகப் போவதில்லை. நசுங்கிய காலில் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் மருந்தை முறிந்த இடத்திலேயே வைக்கிறார்கள். எங்கள் தியேட்டரில் எலும்பு சிமென்ட்டோடு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தூளைப் பிசைந்து, மாவுப் பதத்தில் உருட்டி, மெல்லிய கம்பியில் மணி மணியாகக் கோப்பார்கள். இறுகும்போது கையுறையையும் தாண்டிச் சுடும். சூடு தாங்கும் மருந்தைத்தான் கலக்க முடியும். சிமென்ட் கரையாது என்பதால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். தானே கரையும் கால்சியம் சல்பேட் மணிகளும், ஐரோப்பாவில் ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பூசிய ராடும் வந்துவிட்டன. சரி, அவை இங்கே வேலை செய்யுமா?

அமெரிக்காவில் 980 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், காயத்துக்குள் வான்கோமைசின் தூள் போட்டவர்களுக்கு ஆழமான தொற்று 6.4 சதவீதம், போடாதவர்களுக்கு 9.8. நல்ல செய்திதான். ஆனால் பலன் ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைக் கிருமிகளிடம் மட்டுமே. காயத்தில் எந்தக் கிருமி என்று லேப் வளர்த்துப் பார்த்துச் சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளில் எங்களுக்கு க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் என்ற வேறு வகைக் கிருமிகளும் வருகிறதே! வான்கோமைசின் அவற்றை ஒன்றும் செய்யாது.

ஆய்வகத் தட்டில் ஜெயித்தது ஆளிடம் ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது. திறந்த முறிவைச் சோப்பு நீரால் கழுவினால் நல்லது என்றுதான் பலரும் நம்பினார்கள். இந்தியாவும் பங்கேற்ற 2015 ஆய்வில், மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் சோப்பில் 14.8 சதவீதம், வெறும் உப்பு நீரில் 11.6.

ஆகவே நிதி கொடுக்கும்போது சில நிபந்தனை போடுங்கள். புதுப் பூச்சை இந்திய வார்டுகளில் எடுத்த, பல மருந்துக்கு மசியாத கிருமிகளோடு சோதிக்க வேண்டும். கிருமியைக் கொல்லும் பூச்சு எலும்பு செல்லையும் கொன்றால் முறிவு சேராது, அதையும் பார்க்க வேண்டும். மருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் எதிர்ப்புச் சக்தி வளர்த்த கிருமிதான் மிஞ்சலாம், அதையும் கவனிக்க வேண்டும். நோயாளியை ஒரு வருடமாவது தொடர வேண்டும், பஸ் காசு கொடுத்தாவது. வேலைக்குப் போனவர் சும்மா வரமாட்டார்.

இதய வால்வையே உருவாக்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கும்போது பூச்சு செய்ய வெளிநாடு போக வேண்டாம். கிருமிக்கும் பஞ்சமில்லை. ரிப்போர்ட் எழுதியதும் கல்ச்சர் தட்டுகளை அழித்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனை லேப்கள் அவற்றை உறைய வைத்து அனுப்ப ஒரு உத்தரவும் ஒரு ஃப்ரீசரும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் எலும்பு முறிவு வார்டு நர்ஸ்