பிடரி வலியும் உன் கண்ணாடியும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தும் செய்தி அறிந்து மகிழ்ந்தோம். தை மாதம் குடும்பத்தோடு வருகிறோம். ஆனால் பிடரி வலியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு மனதை உறுத்துகிறது.

நீ சொல்லும் இடத்தில், மண்டையோட்டின் அடிவிளிம்பில், பக்கத்துக்கு நான்காகச் சிறு தசைகள் இருக்கின்றன. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளையும் பின்மண்டையையும் இணைப்பவை அவை. அங்கே விரல்களைப் பதித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டிப் பார். விரலுக்கடியில் தசை மெல்ல அசைவது தெரியும். நாளெல்லாம் புரூஃப் பார்க்கிற உனக்கு அவை ஓய்ந்திருக்கும் நேரமே குறைவு.

எனக்குச் சந்தேகம் உன் பைஃபோகல் கண்ணாடி மேல்தான், அதாவது மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்தில் படிக்கவும் ஆன அந்தக் கண்ணாடி. அச்சகத்தில் உன் எதிரே உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன்: கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் படிக்க மோவாயைத் தூக்கிக்கொள்கிறாய். அப்படித் தூக்கியபடி மணிக்கணக்கில் இருந்தால் அந்தத் தசைகள் சுருங்கி இறுகிவிடும். வலி பின்மண்டையிலிருந்து கண் வரை ஏறுவதும் இதனால் இருக்கலாம். திரையைச் சற்று இறக்கி வை. கணினிக்கென்று தனியாக ஒரு கண்ணாடி வாங்கு. இதைச் செய்யாமல் எந்தத் தைலம் தடவினாலும் வலி திரும்பி வரும்.

இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடு. பிறகு இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறையில் போட்டு முடிந்து, மல்லாந்து படுத்து, மண்டை விளிம்புக்கடியில் வைத்துக்கொள். எலும்பின் மேல் படாமல் இருபுறமும் ஒவ்வொன்றாக இருக்கட்டும். நீ அழுத்த வேண்டாம். தலையின் கனம் ஏறக்குறைய 5 கிலோ, அதுவே போதும். இரண்டு மூன்று நிமிடம் மூச்சை நிதானமாக விடு. எழுந்து உட்கார்ந்து, மோவாயைத் தொண்டைப் பக்கம் மெல்ல உள்ளிழுத்து 5 விநாடி நிறுத்தி விடு. பத்து முறை செய்தால் போதும்.

சலூனில் கழுத்தைச் சொடுக்கிவிட்டால் சுகமாக இருக்கிறது என்கிறாய். தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடு. மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனாலும் நம் வயதில் அந்தச் சுகம் வேண்டாம். கை மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, இதுவரை காணாத தலைவலி திடீரென்று வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போ.

கண் மருத்துவரிடம் போகும் முன், திரைக்கும் உன் கண்ணுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள். அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
ராமநாதன்