கார்டு வாங்குவதற்கு முன்னால்

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவும் அளவுகளும் கிடைத்தன. கேம் விளையாடும்போது 60 காட்டிக்கொண்டிருக்கிற எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) திடீரென்று 20க்கு விழுகிறது, புது இடத்துக்குள் நுழைந்தால் படம் அப்படியே உறைந்து நிற்கிறது என்று எழுதியிருந்தாய். கடையில் கேட்டதற்கு கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். சேர்த்து வைத்த பணத்தை மொத்தமாக ஒரு கார்டில் போட்டுவிடாதே மா. உன் மெஷினில் கார்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது இரண்டு மூன்று இருக்கிறது. கேபினெட்டைத் திறக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

உன்னிடம் இருப்பது ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இதில் 2600 இன்னும் நல்ல சிப்தான். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அதற்குச் சாப்பாடு போடுகிற ரேமும் டிஸ்க்கும்தான் பின்தங்கிவிட்டன.

எப்போதும் எஃப்பிஎஸ் குறைவாக இருப்பது ஒரு கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டே நடுநடுவே திக்குவது வேறு கோளாறு. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். நூறு ஃபிரேமில் ஒன்று மட்டும் 150 மில்லி செகண்ட் எடுத்தால் சராசரி பெரிதாக இறங்காது, ஆனால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் சராசரியை நம்பாதே. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, அதோடு வரும் ரிவாட்யூனரில் ஃபிரேம் டைம் கோட்டைத் திரையில் வரவழைத்துப் பார். கோடு சமமாகப் போனால் நல்லது. ஊசி ஊசியாக மேலே எழும்பினால் அதுதான் திக்கல்.

நீ அனுப்பிய டாஸ்க் மேனேஜர் படத்தில் ரேம் 7.6 ஜிபி நிரம்பியிருக்கிறது, டிஸ்க் 100 சதவீதம், உறைந்த நேரத்தில் கார்டு 40 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. கார்டு திணறியிருந்தால் அது 97, 98லேயே நின்றிருக்கும். 40க்கு இறங்கினால் அது வேலை வராமல் சும்மா காத்திருக்கிறது என்று அர்த்தம். ரேமில் இடம் இல்லாததால் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைலுக்கு (ரேமுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் இடம்) தள்ளித் தள்ளி எடுக்கிறது. சுழலும் டிஸ்க் ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி செகண்டுக்கு மேல் எடுக்கும். அந்த மாதிரி நூறு தேடல் சேர்ந்தால் ஒரு நொடி போயிற்று. இந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்டைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சோதனையும் செய்து பார். கேமில் ரெசல்யூஷனை 1080லிருந்து 720க்கு இறக்கு. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் பிராசசரோ ரேமோ. இதற்குக் காசு செலவில்லை.

முதல் வேலை ரேம். உன் ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்ட் நம்பர் இருக்கும். அதே நம்பரில் இன்னொரு 8 ஜிபி கிடைத்தால் அதை வாங்கிப் போடு, உன் போர்டு எடுக்கும் டிடிஆர்4 ரேமின் விலை ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் அதுதான் சிக்கனம். கிடைக்காவிட்டால் 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி சேர்ந்து வரும் கிட் வாங்கு. வேறு வேறு கம்பெனி ஸ்டிக்கைக் கலந்தால் பல சமயம் ஓடும், ஆனால் இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கித்தான் ஓடும். சில சமயம் ஓடவே ஓடாது. 16 ஒரே ஸ்டிக்காக வாங்காதே. இரண்டு ஸ்டிக் இருந்தால்தான் டூயல் சேனல், அதாவது பிராசசருக்கு ரேமோடு பேச இரண்டு வழி. ரைசனில் உள்ளே இருக்கும் இணைப்பின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால் இந்த வித்தியாசம் கேமில் நன்றாகவே தெரியும்.

நாலு ஸ்லாட் போர்டாக இருந்தால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒரே சேனலில் உட்கார்ந்துவிடும். இரண்டு முனையையும் அழுத்தி, கிளிப் டக்கென்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உட்காருவதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு. பிறகு பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய். சில போர்டில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று பெயர் இருக்கும். செய்யாவிட்டால் 3200 ரேம் 2133, 2400 என்று மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். 2600க்கு ஏஎம்டி சொல்லும் அளவு 2933 வரைதான். 3200ல் ஏறாவிட்டால் 2933 என்று கையால் வை. முதல் முறை ஆன் செய்யும்போது ஒன்றிரண்டு நிமிஷம் திரை கறுப்பாக இருந்தால் பயப்படாதே, போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது. அதற்கு மேலும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியை ஐந்து நிமிஷம் கழற்றி வைத்துத் திரும்பப் போடு.

கூடவே ஒரு என்விஎம்ஈ எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். குறைந்தது 500 ஜிபி, முடிந்தால் 1 டிபி. உன் போர்டு ஜென் 3 (மூன்றாம் தலைமுறை பிசிஐஇ) வேகம் வரைதான் தரும், ஜென் 4க்கு அதிகம் கொடுக்க வேண்டாம். மதர்போர்டில் அதற்கென்று இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, குட்டி ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும். அந்த ஸ்க்ரூ மதர்போர்டு டப்பாவில் இருக்கும், தேடி எடுத்து வை. எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. சில பி450 போர்டில் எம்.2 வேலை செய்யும்போது ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டில் இரண்டு அணைந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்று. விண்டோஸும் நீ விளையாடும் கேமும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், படமும் பாட்டும் பழைய டிஸ்க்கில் கிடக்கட்டும்.

இனி சூடு. நம்ம வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா? கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, நீ சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையில் இருக்கிறாய். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கேபினெட்டுக்குள்ளும் ஏறும். இன்டர்நெட்டில் 25 டிகிரி ஏசி அறையில் எடுத்த அளவைப் பார்த்து உன்னுடையதோடு ஒப்பிடாதே. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ போட்டு அரை மணி நேரம் விளையாடிவிட்டுப் பார். 1050 டிஐ 83 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2600க்கு உச்ச வரம்பு 95, ஆனால் 80ஐத் தாண்டினாலே எனக்கு மனசு ஒப்பாது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி விளையாடு. பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டில் இது சகஜம். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். ஃபேனின் கம்பிச் சட்டம் இருக்கும் பக்கம்தான் பொதுவாகக் காற்று வெளியே வரும் பக்கம்.

தூசியை ஈரத்துணியால் துடைக்காதே. பால்கனிக்கு எடுத்துப்போய் புளோயரால் ஊது, ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள். தாறுமாறான வேகத்தில் சுற்றினால் பேரிங் போகும். பிராசசருக்கும் அதன் மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், மாற்றிவிடு. ஹீட்சிங்கைக் கழற்றுவதில்தான் உன் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் ஆபத்து. பின்கள் பிராசசரின் அடியில் இருப்பதால், காய்ந்த பேஸ்ட்டோடு ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரே பிய்ந்துகொண்டு வரும், பின் வளையும். முதலில் பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கு. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கு. நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. பிறகு ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டபிறகுதான் தூக்க வேண்டும். ஸ்க்ரூ முழுக்கக் கழன்றதும் போர்டின் பின்னால் இருக்கும் தகடு விழுந்துவிடும், ஒரு கையால் தாங்கிக்கொள். புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

இவ்வளவும் செய்து பத்து நாள் விளையாடிப் பார். திக்கல் போய், எஃப்பிஎஸ் மட்டும் குறைவாக இருந்து, கார்டு 97, 98லேயே நின்றால், அப்போது கார்டைப் பற்றிப் பேசலாம்.

அப்போதும் கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரன்ட் தரும் பெட்டி. மேலே 450 வாட் என்று எழுதியிருப்பதை நம்பாதே. லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார். உன் போட்டோவில் 18 என்று தெரிகிறது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் எடுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். அது தாங்காமல் போனால் கேம் நடுவில் மெஷின் பட்டென்று அணையும், மோசமானால் போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகும். 550 வாட், 80 பிளஸ் வெண்கல (Bronze) தரச் சான்று, தெரிந்த கம்பெனி, பில்லோடு வாங்கு. கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையாக இருந்தால் அதனுடன் வந்த கேபிளை மட்டுமே போடு. ஒரு கம்பெனி கேபிள் இன்னொன்றில் பொருந்தும், ஆனால் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், டிஸ்க் எரிந்துவிடும்.

உன் அறையில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். புது கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். கரன்ட் போனால் கேமை மூடு, விளையாடிக்கொண்டே இருக்காதே. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றாயே, அது எர்த் சரியில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல். புதுப் பொருள் எதையும் அதற்கு முன் மாட்டாதே.

கார்டில் எனக்குத் தோன்றுவது ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 132 வாட், ஒரே ஒரு 8 பின் பவர் கேபிள். 1080க்கு உனக்கு அது போதும். எஸ்எம்பிஎஸ் மாற்றக் கைவசம் பணம் இல்லாவிட்டால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட்தான், தனி பவர் கேபிளே வேண்டாம். ஆனால் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் வருகிறது, அது 130 வாட், அதற்குக் கேபிள் வேண்டும், வேகமும் அதிகம். டப்பாவைப் படித்து வாங்கு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவு என்று யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல். போர்டோடு பேச அதற்கு நாலு லேன் (பாதை)தான், உன் பி450ன் ஜென் 3ல் அது பாதி வேகமாகி, 4 ஜிபி நிரம்பியதும் மறுபடி திக்கும். நீ படும் பாடே அதுதானே.

சென்னை போனால் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கார்டு நிறைய கிடைக்கும். அங்கேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் ஓட்டிப் பெயரைச் சரிபார். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயரில் விற்கும் போலிகளில் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிஷம் ஓட்டு. திரையில் புள்ளியோ கோடோ வந்தால் எழுந்து வந்துவிடு. வாங்குவதற்கு முன் கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை எத்தனை மில்லிமீட்டர் இடம் என்று அளந்து வை. என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் நீக்கிவிடு.

பிராசசர் கடைசியில்தான். புது கார்டு 70, 80 சதவீதத்தில் நின்று மேலே ஏறாவிட்டால் ரைசன் 5 5600 வாங்கு, அதே சாக்கெட், அதே போர்டு. பயாஸை அப்டேட் செய்ய வேண்டியது பழைய 2600 மாட்டியிருக்கும்போதே. மாற்றிவிட்டு அப்டேட் செய்யலாம் என்றால் திரையே வராது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாளிலோ, மழை இடியிலோ அதைத் தொடாதே. அப்டேட்டில் ஏஜீசா (பயாஸுக்குள் ஏஎம்டி தரும் பகுதி) பதிப்பு 1.2.0.7க்குக் குறையாமல் பார்த்துக்கொள், ஏனென்றால் ரைசனில் எஃப்டிபிஎம் (பிராசசரோடு சேர்ந்த பாதுகாப்புப் பகுதி) காரணமாக நடுவே நின்று நின்று போகும் கோளாறை ஏஎம்டி 2022ல் ஒப்புக்கொண்டு அந்தப் பதிப்பில்தான் சரிசெய்தது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார், ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வை. புது சிப்பைப் போட்டதும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யட்டுமா என்று திரை கேட்கும், அந்தக் கீ இல்லாமல் ஒய் அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும்.

பழைய 1050 டிஐயை மட்டும் விற்றுவிடாதே மா. 2600க்கும் சரி, 5600க்கும் சரி, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. புது கார்டு வாரண்டிக்குப் போனால் திரை வர அதுதான் கதி. அது வந்த கறுப்புக் கவரிலேயே போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று சேர்த்து, அலமாரி மேல்தட்டில் வை. ரேம் மாட்டியதும் டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, வேகமும் ஸ்லாட்டும் சரியாக வந்திருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

உன்
நைனா