பூங்காக்களில் முதியோர் நலத் தோட்டம் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மூத்த குடிமக்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும்

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: பொதுப் பூங்காக்களைப் புதுப்பிக்கும்போது முதியவர்களின் உடல்நலம், மனநலம் கருதி நலத் தோட்டங்கள் அமைப்பது, வடிவமைப்பில் முதியவர்களையும் சேர்த்துக்கொள்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுப் பூங்காக்களைப் புதுப்பிக்கும் பணி தொடங்கவிருப்பதாக அறிகிறோம். அவற்றில் ஒரு பகுதியையாவது முதியவர்களுக்கு ஏற்ற நலத் தோட்டமாக வடிவமைக்க வேண்டும் என்று கேட்டு இந்த மனுவை அளிக்கிறோம். புது நிலம் கேட்கவில்லை. நீரூற்று, சிலை, வண்ண விளக்கு எதுவும் கேட்கவில்லை. வயதான ஒருவர் தோட்டத்துக்கு வந்து, உட்கார்ந்து, எழுந்து, பயமில்லாமல் வீடு திரும்ப முடிய வேண்டும். இதைத்தான் கேட்கிறோம். ஆனால் இதைச் சரியாகச் செய்ய, வரைபடம் போடும்போதே பல விஷயங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது.

பசுமையைப் பார்த்தால் மனம் லேசாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, 1984இல் முடிவை வெளியிட்டார். ஜன்னல் வழியாக மரங்களைப் பார்க்க முடிந்த 23 பேர், செங்கல் சுவரை மட்டுமே பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அந்த ஆய்வு முதியவர்களை மட்டும் வைத்துச் செய்ததல்ல. ஆனால் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தோட்டம் அமைப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றுவரை அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சிங்கப்பூர் இதைப் பொதுப் பூங்காவுக்கே கொண்டுவந்துவிட்டது. அங்குள்ள ஹார்ட்பார்க் பூங்காவில் 2016இல் முதல் நலத் தோட்டம் திறக்கப்பட்டது. 2030க்குள் அப்படி 30 தோட்டங்கள் என்பது அந்நாட்டின் இலக்கு.

சரி, நம் பூங்காக்களிலும் மரமும் பூவும் இருக்கின்றனவே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அந்த மரத்தடி வரைக்கும் போய்த் திரும்பிவிடலாம் என்ற தைரியம் எங்களில் பலருக்கு இல்லை. வீட்டை விட்டு வெளியே வராத முதியவருக்குப் பூ பிடிக்காமல் போய்விடவில்லை. வழியில் கால் ஓய்ந்துவிட்டால் எங்கே உட்காருவது, உட்கார்ந்தால் எப்படி எழுவது, அவசரம் என்றால் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கவலைதான் அவரை வாசலோடு நிறுத்திவிடுகிறது. எந்தச் செடி நடுவது என்று முடிவு செய்யும் முன் இந்தக் கவலைகளைத் தீர்த்துவிட வேண்டும் என்பதே எங்கள் மனுவின் சாரம்.

இருக்கையிலிருந்து தொடங்குகிறோம். முழங்கால் தேய்ந்த ஒருவர் பெஞ்சிலிருந்து எழுவதைத் தயவுசெய்து ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முதலில் உடம்பை நகர்த்தி நகர்த்தி விளிம்புக்கு வருவார். பிறகு இரண்டு குதிகால்களையும் பின்னால் இழுத்து பெஞ்சுக்கு அடியில் வைப்பார். அப்புறம் கைகளை ஊன்றி, தலையை முன்னால் சாய்த்து, ஒரே மூச்சில் எழப் பார்ப்பார். பெஞ்சின் அடிப்பகுதி சிமெண்டால் மூடிக் கட்டப்பட்டிருந்தால் குதிகாலைப் பின்னால் இழுக்கவே முடியாது. கைப்பிடி இல்லாவிட்டால் ஊன்ற எதுவும் இல்லை. கைப்பிடி இருந்தும் இருக்கையின் பாதியோடு நின்றுவிட்டால், விளிம்புக்கு வந்தவருக்கு அது பின்னால் போய்விடும். பொதுப் பூங்காக்களில் நாங்கள் பார்க்கும் சாய்மானம் இல்லாத சிமெண்ட் பலகைகளில் இப்படிப்பட்ட குறைகள் இருக்கின்றன. யாராவது வந்து கைகொடுக்கும் வரை அதிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் எங்களில் உண்டு. அடுத்த நாள் அவர்கள் வருவதில்லை.

ஆகவே இருக்கை தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில், சாய்மானத்தோடு, முன் விளிம்பு வரை நீளும் கைப்பிடியோடு, அடியில் காலிடத்தோடு இருக்க வேண்டும். வெயிலில் சுடும் இரும்பும் கல்லும் வேண்டாம், மரப்பலகை போதும். ஓர் இருக்கையிலிருந்து பார்த்தால் அடுத்த இருக்கை கண்ணில் பட வேண்டும். 50 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். நேர்வரிசையில் போட்ட பெஞ்சுகளில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காது மந்தமானவருக்குப் புரிவதில்லை, ஏனென்றால் அவர் பாதியை உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்கிறார். சில இருக்கைகளையாவது செங்கோணத்தில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி போடுங்கள். ஒவ்வொரு இருக்கைக்குப் பக்கத்திலும் ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்குத் தளம் போட்ட இடம் வேண்டும். மனைவி பெஞ்சில் இருக்க, கணவர் பாதையை மறித்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருக்கும் நிலை மாற வேண்டும்.

அடுத்தது பாதை. 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழே விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒருமுறை விழுந்தவர் எலும்பு முறியாமல் தப்பித்தாலும், மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே நடையைக் குறைத்துவிடுவார். நடை குறையக் குறையத் தசை வலுவிழந்து, விழும் வாய்ப்பு இன்னும் கூடும். பாதை இந்தச் சுழலை உடைக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் அகலம் தேவை. ஏற்றம் 20 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சாய்தளம் தவிர்க்க முடியாத இடத்தில் 12க்கு 1 என்ற அளவைத் தாண்டாமல், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும். சரளைக் கல் வாக்கரின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பளபளக்கும் டைல்ஸ் மழையில் வழுக்கும், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடம் போடும் இளைஞர்களுக்கு இது தோன்றுவதில்லை. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் சில நொடிகள் எதுவுமே தெரியாது. பந்தலின் கம்பி நிழல் பாதையில் பட்டை பட்டையாக விழுந்தால் அவை படிகள் போலத் தோன்றும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவருக்கோ, பாதையில் அழகுக்காகப் பதித்த கறுப்புக் கல் பள்ளமாகவே தெரியும். எங்கள் குழுவில் ஓர் அம்மா அப்படிப்பட்ட கறுப்புப் பட்டையின் முன் நின்றுவிட்டு, மகள் எவ்வளவு சொல்லியும் காலைத் தூக்கி வைக்கவில்லை. அவர்கள் அங்கிருந்தே திரும்பிப் போனார்கள். பாதை முழுவதும் ஒரே நிறமாக இருந்து, விளிம்பு மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் போதும். பாதை வளைந்து சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். முட்டுச்சந்தாக முடியும் பாதையில் மறதி உள்ளவர்கள் தவித்துப் போகிறார்கள்.

செடிகளைத் தேர்ந்தெடுப்பதும் இதோடு சேர்ந்ததே. வயதானால் கண்வில்லை மஞ்சள் பாய்ந்து, நீலமும் ஊதாவும் மங்கிவிடும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பூக்கள் தெளிவாகத் தெரியும். வாசனை உணர்வும் குறைவதால், மணமுள்ள செடி தூரத்தில் இருந்து பயனில்லை. புதினா, துளசி, ரோஸ்மேரி போன்றவை இருக்கைக்கு எட்டும் உயரத்தில், கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்க்கும்படி இருக்கட்டும். அரளி, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகள் கண்டிப்பாக வேண்டாம். மறதியில் இலையை வாயில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. பழம் உதிர்ந்து பாதையை வழுக்கலாக்கும் மரங்களைப் பாதையோரம் நட வேண்டாம்.

பார்ப்பதோடு நில்லாமல் மண்ணில் கைவைக்கவும் இடம் கேட்கிறோம். இது எங்களுக்கு மிக முக்கியம். வாழ்நாளெல்லாம் பிறரைக் கவனித்துக்கொண்டவர்கள், இப்போது பிறர் தங்களைக் கவனிக்க மட்டுமே இருக்கிறோம் என்று மனம் சோர்ந்துபோகிறார்கள். தண்ணீர் ஊற்ற ஒரு செடி இருந்தால் காலையில் எழுந்து கிளம்ப ஒரு காரணம் இருக்கிறது. குனிய முடியாதவர்களுக்கு உயர்த்திக் கட்டிய பாத்திகள் வேண்டும். நின்று வேலை செய்ய 80 முதல் 90 செ.மீ. உயரம் வசதி. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அடியில் முழங்கால் நுழையும்படி மேசை போன்ற பாத்தி தேவை. ஒரு பக்கம் மட்டும் கை எட்டும் பாத்தி 60 செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், அதுவும் திருகும் குழாயாக இல்லாமல் நெம்பித் திறக்கும் பிடியோடு.

கழிப்பறை பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், வெளியே போக வேண்டிய நாளில் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது வெளியே போவதையே விட்டுவிடுகிறார்கள். தோட்டத்துக்கு உள்ளேயே, பிடித்து எழக் கம்பியோடு, பூட்டிவைக்காத கழிப்பறை வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே கேட்ட எதுவும் பாதிப் பேருக்குப் பயன்படாது.

எங்களைத் தனியாக வேலி போட்டு ஒதுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். குழந்தைகள் விளையாடுவது கண்ணில் பட வேண்டும், காதில் விழ வேண்டும், பந்து மட்டும் பாதைக்கு வராமல் இடைவெளி இருந்தால் போதும். எங்களுக்கு ஏற்ற பாதை, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர்களுக்கும் ஏற்றதே.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல. 2030க்குள் எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு, பாதுகாப்பான பசுமைப் பொதுவெளி கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த வளர்ச்சி இலக்கு 11.7 சொல்கிறது. 2021 முதல் 2030 வரையான ஆண்டுகளை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டாகவும் அந்தச் சபை அறிவித்திருக்கிறது.

எனவே தாங்கள் செய்ய வேண்டியதாக நாங்கள் வேண்டுவது: ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், வடிவமைப்பாளரும் பொறியாளரும் எங்களோடு ஒரு பூங்காவைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும், கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலியோடு வருபவர்களின் வேகத்தில். வரைபடத்தை இறுதி செய்யும் கூட்டத்தில் முதியவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இடம் வேண்டும். முதலில் ஒரே ஒரு பூங்காவில் செய்து, ஓராண்டு பயன்பாட்டைப் பார்த்துக் குறைகளைத் திருத்தி, அதன்பின் மற்றவற்றில் செய்யலாம். பராமரிப்புக்கான தொகையையும் தோட்டப் பணியாளரின் சம்பளத்தையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். திறப்பு விழா முடிந்ததும் காய்ந்துபோகும் தோட்டம் எங்களுக்கு வேண்டாம்.

கூட நடந்து பார்ப்பதற்குத் தங்களுக்கு வசதியான ஒரு நாளைக் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முற்பகல் வேளையாக இருந்தால் எங்களில் அதிகம் பேர் வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த குடிமக்களும் பராமரிக்கும் குடும்பத்தினரும்

இணைப்பு: மனுதாரர்களின் கையொப்பப் பட்டியல்