ஒரு பாட்டுக்குள் அடங்காதவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானியப் பாடகி மரியா தக்கேயுச்சி என்றாலே எல்லோரும் 'பிளாஸ்டிக் லவ்' பாட்டையே பிடித்துக்கொள்கிறார்கள். 1984இல் வந்த பாட்டு, 2017இல் யாரோ யூடியூபில் ஏற்றிவிட, உலகமெங்கும் பரவியது. சரி. (அந்த வீடியோவில் சிரிக்கும் படம்கூட அவரது வேறொரு பாட்டுக்காக எடுத்ததுதான்!)

1978இல் அறிமுகமானபோது பெரும்பாலும் பிறர் எழுதியதைத்தான் பாடினார். 1981இல் மேடையை விட்டு ஒதுங்கினார். மறு ஆண்டு இசைக்கலைஞர் தட்சுரோ யமஷிதாவுடன் திருமணம். அப்புறம்தான் விஷயமே. வீட்டிலிருந்தபடி மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். 'வெரைட்டி' ஆல்பத்தோடு திரும்பியபோது எல்லாப் பாட்டுக்கும் வரியும் மெட்டும் அவருடையதே. பாடகி அகினா நகமோரிக்கு எழுதிய 'எகி' பாட்டைப் பின்னர் தானே பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எனக்கு மரியாவின் குரல்தான் ஒரு படி மேல். அதைப் பற்றியும் உங்கள் இசைப் பக்கத்தில் எழுதலாமே?

– வாசகர், திண்டுக்கல்